கடலுக்கு அப்பால் மூண்ட யுத்தமும் கரையோரத்து ஏழையும்

1983-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் கடைசி வாரம். "கொழும்பு பற்றி எரிகிறது" என்ற சேதி ரேடியோவில் வந்தது. தலைநகரங்களில் இருந்தோருக்கு அது ஒரு வெளிநாட்டுச் செய்தி. மந்திரிமார்கள் அறிக்கை விட்டனர். பத்திரிகைகள் தலையங்கம் தீட்டின. ஆனால் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை என்று நீளும் ராமநாதபுரம் கரையோரத்தில் அது வெளிநாட்டுச் செய்தியாகவா இருந்தது? இல்லை. "கொழும்பிலே கடையில் நிற்கும் நம் பையன் உயிரோடு இருக்கிறானா?" "கண்டித் தோட்டத்திலே இருக்கும் அத்தை மக்கள் என்ன ஆனார்கள்?" என்ற கேள்வியாகவே அது குடிசைக்குள் நுழைந்தது.

தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். ராமேஸ்வரத்து மனிதனுக்கு மதுரை அதைவிட எத்தனையோ மடங்கு தூரம். நடுவே கடல் கிடந்தாலும் உறவு அறுந்ததில்லை. ஆகவேதான் அக்கரையில் யுத்தம் மூண்டபோது இக்கரையில் உலை கொதிக்கவில்லை.

அந்த நாட்களில் உழைப்பாளி மக்கள் என்ன செய்தார்கள், ஆளுவோர் என்ன செய்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. எந்த நாட்டில் எந்த யுத்தம் மூண்டாலும் பஞ்சாலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதற்கு அதில் பாடம் இருக்கிறது. அந்தப் பாடத்தை நாம் பாதிதான் படித்து முடித்திருக்கிறோம். மீதிப் பாதி இன்னும் பாக்கி நிற்கிறது.

தீ வைத்தவர்கள் யார்?

1983 ஜூலை 23-ஆம் தேதி இரவு, யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் சிப்பாய்கள் 13 பேர் மாண்டனர். மறுநாள் இரவே கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் கொளுத்தப்பட்டன. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வீடு தமிழன் வீடு என்று பார்த்துப் பார்த்துக் காலிகள் தீ வைத்தார்கள். வாக்காளர் பட்டியல் தெருவில் திரியும் காலிக்கு எங்கிருந்து கிடைத்தது? ஜூலை 25, 27 தேதிகளில் வெலிக்கடைச் சிறையில், பூட்டிய கதவுகளுக்கு உள்ளே, 53 தமிழ்க் கைதிகள் வெட்டியும் அடித்தும் கொல்லப்பட்டனர். சிறைக்கூடத்தின் சாவி யார் கையில் இருந்தது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான்.

அந்த விடையைத் தெரிந்துகொள்ள மூன்று ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். 1977-இல் ஆட்சிக்கு வந்த ஜயவர்த்தனா சர்க்கார், "திறந்த பொருளாதாரம்" என்று சொல்லி அந்நிய மூலதனத்துக்குக் கதவைத் திறந்தது. விலைவாசி ஏறியது, கூலி ஏறவில்லை. 1980 ஜூலையில் சம்பள உயர்வு கேட்டு இலங்கைத் தொழிலாளர்கள் பொது வேலைநிறுத்தம் செய்தார்கள். நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே அடியாக வேலையிலிருந்து விரட்டப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் யார்? சிங்களத் தொழிலாளர்கள்! 1981-இல் யாழ்ப்பாணம் நூலகம் கொளுத்தப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1982 டிசம்பரில் பொதுத் தேர்தலையே நடத்தாமல், பார்லிமெண்டின் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டிக்கொண்டார்கள். 1983 ஜூலை 30-ஆம் தேதி, தமிழன் வீட்டுப் புகை அடங்குமுன்னரே, கலவரத்தைத் தூண்டியது இடதுசாரிகள்தான் என்று பழி போட்டு இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி உள்ளிட்ட மூன்று கட்சிகளைத் தடை செய்தார்கள்.

தோழர்களே, இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் சிங்களத் தொழிலாளியின் வேலைநிறுத்தத்தை உடைத்தார்கள். பிறகு தமிழனின் வீட்டைக் கொளுத்தினார்கள். கடைசியில் இருவருக்கும் சேர்த்துப் பேசிய கட்சிகளின் வாயை அடைத்தார்கள். தமிழ் முதலாளியின் ஆலை எரிந்தபோது அதில் வேலை செய்த சிங்களத் தொழிலாளியின் பிழைப்பும் சேர்ந்தே எரிந்தது. அதே கொழும்பில், எத்தனையோ சிங்களக் குடும்பங்கள் பக்கத்து வீட்டுத் தமிழர்களைத் தம் வீட்டுக்குள் ஒளித்து வைத்து, வாசலில் நின்று காலிகளை மறித்து அனுப்பின. இதையும் உயிர் தப்பி வந்தவர்களே சொன்னார்கள். "சிங்களவன் கொன்றான்" என்று மொட்டையாகச் சொல்பவன் பாதி உண்மையைச் சொல்கிறான். பாதி உண்மை முழுப் பொய்யைவிட ஆபத்தானது.

கரையில் இருவகைக் குரல்

1983 ஆகஸ்ட் 2-ஆம் தேதி தமிழகம் முழுவதும் கடையடைப்பும் வேலைநிறுத்தமும் நடந்தன. சென்னை முதல் குமரி வரை மக்கள் தெருவில் இறங்கினார்கள். இது நியாயமான கோபம், வணங்கத்தக்க கோபம். ஆனால் அந்தக் கோபத்தை யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பது வேறு கதை. "படை அனுப்பு" என்று மேடையில் முழங்கியவர்களில் எத்தனை பேர் வீட்டுப் பிள்ளைகள் பட்டாளத்தில் இருந்தனர்? படை போனால் சாவது யார் வீட்டுப் பிள்ளை?

கரையோரத்து ஏழை மேடை போடவில்லை. அவன் படகை எடுத்தான். 1983 முதல் 1987 வரை, அரசின் கணக்குப்படியே சுமார் 1,34,000 பேர் அக்கரையிலிருந்து அகதிகளாக வந்து சேர்ந்தார்கள். வடக்கே ராணுவத்தின் கெடுபிடி முற்றியதும் இரவோடு இரவாகப் படகுகளில் வந்தனர். உடுத்திய துணி தவிர வேறெதுவும் இல்லாமல், கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் மணலில் இறங்கி நின்றவர்களுக்குச் சர்க்காரின் படியரிசி வந்து சேர நாட்களாகும். அதுவரை பசி காத்திருக்குமா? அன்றாடம் கடலுக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையிலிருந்த குடிசைகளில் கஞ்சி பங்கிடப்பட்டது. பெண்கள் தம் மாற்றுச் சேலையை எடுத்துக் கொடுத்தார்கள். மசூதியும் மாதா கோயிலும் சத்திரமும் திறந்தன. "உன் ஜாதி என்ன, மதம் என்ன, எந்தக் கட்சி?" என்று பசித்து நின்றவனிடம் எவனும் கேட்கவில்லை.

யுத்தம் மூண்டது என்று கேட்டவுடன் பங்கு மார்க்கெட்காரன் விலையை நினைக்கிறான். ஆயுத வியாபாரி ஆர்டரை நினைக்கிறான். பதவிக்காரன் அடுத்த தேர்தலை நினைக்கிறான். ஏழை மட்டும்தான் "அந்தப் பிள்ளைகள் சாப்பிட்டார்களா?" என்று நினைக்கிறான். வயிற்றுப் பசியையும் வீடிழந்த வேதனையையும் தன் உடம்பில் அறிந்தவனுக்கு வரும் அறிவு அது. அதற்குத்தான் வர்க்க உணர்வு என்று பெயர்.

பாட்டன் போன வழி, பேரன் வந்த வழி

இந்த உறவு எப்படி வந்தது? ராமநாதபுரம் சீமையில் வானம் பொய்த்தால் கண்மாய் வறளும். கண்மாய் வறண்டால் ஊர் காலியாகும். ஜமீனுக்கும் கிஸ்திக்கும் கடனுக்கும் தப்பி ஓடியவர்களை, "கண்டிச் சீமையில் தேங்காயும் மாசியும் கொட்டிக் கிடக்கிறது" என்று ஆசை காட்டிக் கங்காணிகள் அழைத்துப் போனார்கள். முதலில் காப்பித் தோட்டம், பிறகு தேயிலை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மலைக்கு நடந்தவர்களில் காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். போய்ச் சேர்ந்தவனைத் 'துண்டு' என்ற கடன் சீட்டு தோட்டத்தோடு கட்டிப் போட்டது. 1921-இல்தான் அந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடி வரை ரயிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடின. தோட்டக் கூலிகளை நோய் பார்த்து, தடுத்து வைத்து அனுப்புவதற்காக மண்டபத்தில் முகாம் வைத்தார்கள். துரைமாருக்கு வேண்டியிருந்தது கூலி. கூலியோடு வரும் காலராவும் பிளேக்கும் அல்ல!

இப்படிப் போனவர்களின் வியர்வையில் இலங்கைத் தேயிலை உலகச் சந்தையில் பெயர் பெற்றது. கைம்மாறு என்ன? 1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில், மலைநாட்டுத் தமிழ்த் தொழிலாளர்களின் பிரஜா உரிமையைச் சட்டம் போட்டுப் பறித்தார்கள். அடுத்து வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம்! ஆட்டு மந்தையைப் பங்கு போடுகிறவன்கூட ஆட்டைத் தடவிப் பார்ப்பான். இந்த மனிதர்களை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒப்பந்தம் ஆகி இரண்டு மாதம் முடியுமுன், 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. ஆனாலும் ராமேஸ்வரம் வழியே கப்பல் ஓடியது. தாயகம் திரும்பியோர் என்ற பெயரில் தொழிலாளர்கள் வந்து இறங்கினர். மண்டபம் முகாமில் தங்கவைத்து, அங்கிருந்து நீலகிரிக்கும் வேறு ஊர்களுக்கும் அனுப்பினார்கள். சிலருக்கு அரசுத் தேயிலைத் தோட்டம், சிலருக்கு நூற்பாலை. பலருக்குக் காகிதத்தில் எழுதிய வியாபாரக் கடன். கொடைக்கானல் மலையில் கொத்தடிமையாகச் சிக்கிச் சீரழிந்தவர்களும் உண்டு. நம் ஆலையில், நம் ஷிப்டில், நம் பக்கத்துக் கதிரில் நின்று வேலை செய்தவர்களில் அவர்களும் இருந்தார்கள்.

இப்போது 1983-ஐ மறுபடி நினைத்துப் பாருங்கள். கலவரத்துக்கு அஞ்சி வன்னிக்கு ஓடி, அங்கும் ராணுவம் வந்ததும் படகேறி மண்டபத்தில் வந்து இறங்கியவர்களில், மலைநாட்டுத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். எந்த முகாம் பாட்டனைக் கூலியாக எண்ணி அனுப்பியதோ, அதே முகாம் பேரனை அகதியாக எண்ணி வாங்கிக்கொண்டது. போனவனுக்கும் எண், வந்தவனுக்கும் எண். இதைவிட முதலாளித்துவத்தின் நியாயத்துக்கு வேறு சாட்சி வேண்டுமா?

யுத்தத்தில் வாழ்ந்தவர், மாண்டவர்

யுத்தம் 26 ஆண்டுகள் நீண்டது. ஏகாதிபத்தியம் சும்மா இருக்கவில்லை. 1984-இல், கொழும்பிலிருந்த அமெரிக்கத் தூதரகத்துக்குள்ளேயே இஸ்ரேலுக்கு ஓர் அலுவல் பிரிவு திறந்து கொடுக்கப்பட்டது. கூலிப்படைப் பயிற்சிக்காரர்கள் பிரிட்டனிலிருந்து வந்தார்கள். திருகோணமலைத் துறைமுகத்தின்மேல் எல்லோருக்கும் கண். 1987 ஜூலை 29-இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி இந்தியப் படை போயிற்று. 1990 மார்ச்சில் திரும்புமுன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் மாண்டிருந்தார்கள். அந்தப் படையின் கையால் மாண்ட தமிழ் மக்களும் உண்டு. "படை அனுப்பு" என்று முழங்கிய மேடைகள் அந்தக் கணக்கைப் பிறகு எப்போதாவது பேசினவா?

நாம் உண்மையை ஒளித்துப் பேச வேண்டியதில்லை. தமிழ் மக்களின் உரிமைக் கோரிக்கை நியாயமானது. ஆனால் அதன் பெயரால் துப்பாக்கி ஏந்தியவர்கள் சக இயக்கத்தாரைச் சுட்டதும், 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களைக் குடும்பம் குடும்பமாக விரட்டியதும் நியாயமல்ல. உழைப்பாளியைப் பிளக்கும் எந்தத் துப்பாக்கியும் உழைப்பாளிக்கு விடுதலை தராது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் கடற்கரையில் யுத்தம் முடிந்தபோது, பல்லாயிரம் மக்களின் ரத்தத்தில்தான் முடிந்தது. அங்கே குழிக்குள் விழுந்தவர்கள் விவசாயிகள், மீனவர்கள், கூலிக்காரர்கள். குண்டு விற்றவன் எவனும் அங்கே இல்லை.

இக்கரையில் என்ன ஆயிற்று? 1991 மே 21-இல் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். கொடிய செயல். ஆனால் அதற்கான தண்டனை யார் தலையில் விழுந்தது? முகாமில் கிடந்த அகதியின் தலையில். நேற்றுவரை "எம் இனமே" என்றவர்கள் இன்று முகத்தைத் திருப்பினார்கள். முகாம்களைச் சுற்றிப் போலீஸ். பிள்ளைகளின் படிப்புக்குத் தடை. 1992 முதல் ஆயிரக்கணக்கானோர், யுத்தம் ஓயாத நாட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டனர். மேடைப் பாசம் பருவகாலத்து ஊற்று. வெயில் வந்தால் வற்றிவிடும். குடிசைப் பாசம் அப்படியல்ல. 1990-லும், 1996-லும், 2006-லும் மீண்டும் மீண்டும் படகுகள் வந்தன. கரையோரத்து ஏழை மீண்டும் மீண்டும் கஞ்சிப் பானையை இறக்கி வைத்தான். 2022 மார்ச்சில், யுத்தம் அல்ல, பொருளாதார நாசம் விரட்டியபோதும், தனுஷ்கோடி மணல் திட்டில் பச்சைக் குழந்தையோடு விடப்பட்டவர்களை இந்தக் கரை பார்த்தது.

பாக்கி நிற்கும் பாதி

முகாம்களுக்கு 2021-இல் "மறுவாழ்வு முகாம்" என்று பெயர் மாற்றினார்கள், வீடுகள் கட்டினார்கள். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் பெயர் மாறியதே தவிர, உள்ளே இருப்பவனின் நிலை மாறியதா? தமிழகத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இன்றும் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் இருக்கிறார்கள். இங்கே பிறந்து, இங்கே படித்து, பெயிண்ட் அடித்தும் கட்டட வேலை செய்தும் பிழைக்கும் வாலிபன் அந்நியன்! அவனுக்கு ஓட்டில்லை. சர்க்கார் வேலை இல்லை. பட்டம் வாங்கியும் பிரஷ்ஷைப் பிடிக்கிறான்.

2019-இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்த சில மதத்தாருக்கு வழி திறந்தார்கள். முஸ்லிமை ஒதுக்கினார்கள், இலங்கைத் தமிழனை எண்ணியே பார்க்கவில்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்த குழந்தை, சட்டப்படியே இந்தியப் பிரஜை. அந்த உரிமைக்குக்கூட முகாமில் பிறந்தவர்கள் ஐகோர்ட் படியேற வேண்டியிருந்தது. 2025-இல், 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்தவர்களுக்குத் தண்டனையிலிருந்து விலக்கு அளித்தார்கள். "உன்னைச் சிறையில் போடமாட்டேன்" என்பது உரிமையா? நாற்பது ஆண்டுகள் உழைத்தவனுக்கு அதுதான் கூலியா?

இன்னொரு சோதனை கடலிலே நடக்கிறது. யுத்த காலத்தில் வடஇலங்கை மீனவன் கடலில் இறங்கத் தடை. யுத்தம் ஓய்ந்து அவன் கடன் வாங்கி வலை போட்டபோது, இங்கிருந்து போன விசைப்படகுகளின் இழுவைமடி அந்த வலையை அறுத்துக்கொண்டு போகிறது. இங்கிருந்து போகிறவனோ பெரும்பாலும் படகு முதலாளி அல்ல. பங்குக்கும் கூலிக்கும் போகிறவன். அவனை 1983-க்குப் பின்னான ஆண்டுகளில் இலங்கைக் கடற்படை சுட்டது. இன்று சிறையில் அடைக்கிறது. சுடுவதும் அடைப்பதும் அநீதி, அதை எதிர்க்கிறோம். அதோடு, அக்கரையில் வலை அறுந்து அழுகிறவனும் நம் வர்க்கத்தவனே என்பதையும் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்து அகதிக்குக் கஞ்சி ஊற்றிய கை, அவன் ஊருக்குத் திரும்பிய பிறகு அவன் வலையை அறுக்கலாமா? இழுவைமடியை விட்டுவர, கூலி மீனவனுக்கு மாற்றுத் தொழிலும் மூலதனமும் சர்க்கார் கொடுக்கட்டும். ஆழ்கடல் படகு தருகிறோம் என்று 2017-இல் தொடங்கிய திட்டம், கூலிக்காரன் கைக்கு எட்டாத கடனில் மூழ்கிக் கிடக்கிறது. கச்சத்தீவில் அந்தோணியார் திருவிழாவில் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடும் இரண்டு கரை மீனவர்களும், ஒரே பாயில் உட்கார்ந்து பேசவும் முடியும். அவர்கள் பேசட்டும், சர்க்கார்கள் அதைக் கேட்டு நடக்கட்டும்.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே! யுத்தம் எங்கே மூண்டாலும் அது நம் வீட்டுக்கு வரும் வழி தெரிந்தே வைத்திருக்கிறது. 1990 ஆகஸ்டில் குவைத்தில் சண்டை மூண்டபோது ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் உடைமையெல்லாம் விட்டு ஓடிவந்தார்கள். இன்றும் வளைகுடாவில் ஒரு குண்டு விழுந்தால், கரையோரத்து வீடுகளுக்கு வரும் பணம் நின்று அடுப்பு அணைகிறது. எண்ணெய் விலை ஏறுகிறது. உர விலை ஏறுகிறது. பஞ்சாலைக்கு ஆர்டர் இல்லை என்று ஆளைக் குறைக்கிறார்கள். ஆகவே, "அது எங்கேயோ நடக்கும் சண்டை" என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள். "அந்த நாட்டான் எல்லாம் நம் எதிரி" என்று சொல்பவனையும் நம்பாதீர்கள். 2012-இல் பூண்டிக்கும் வேளாங்கண்ணிக்கும் வந்த இலங்கை யாத்ரீகர்களைத் தாக்கியது எந்தத் தமிழனுக்கு விடுதலை தந்தது?

ஓடிவந்தவனுக்கு முதலில் சோறு போடுவது. பிறகு, இந்தச் சண்டையால் லாபம் யாருக்கு என்று கேட்பது. இந்த இரண்டும் சேர்ந்ததே நம் வழி. முதலாவதைக் கரையோரத்து ஏழை எந்தக் கட்சியும் சொல்லாமலே செய்து காட்டினான். இரண்டாவதைச் செய்ய ஸ்தாபனம் வேண்டும், சங்கம் வேண்டும். ஆலை வாயில் கூட்டத்திலும், விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளிலும் தீர்மானம் போடுங்கள்: நாற்பது ஆண்டுகளாக நம்மோடு உழைக்கும் அகதி மக்களில் விரும்புவோருக்குப் பிரஜா உரிமை வழங்கு! திரும்பிப் போக விரும்புவோருக்கு, நிலமும் வீடும் பாதுகாப்பும் அங்கே கிடைக்க வழி செய்! இரு கரை மீனவரையும் மோத விடாதே!

அக்கரைத் தீயைக் கண்டு இக்கரையில் கஞ்சிப் பானையை இறக்கி வைத்த அந்தப் பெண்ணுக்கு அரசியல் தெரியாது என்று படித்தவர்கள் சொல்லக்கூடும். அவள் செய்ததே உயர்ந்த அரசியல். அவள் தொடங்கியதை முடித்து வைப்பது நம் கடமை.